ஒரு சிவப்புக்கு ஆறு பச்சை

இல்லற நிலைப்பு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் நோக்கம் எளிமையாகத்தான் இருந்தது. எந்தக் கல்யாணம் நிலைக்கும், எது முறியும் என்பதைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டால், மக்கள் வீணாக வாழ்ந்து பார்க்க வேண்டியதில்லை என்று அதன் இயக்குநர் கருதினார். அரசாங்கத்துக்கு யோசனை பிடித்துப்போயிற்று. குறிப்பாகக் குடியிருப்பு வாரியத்துக்கு. இன்னும் சில வருஷங்களில் பிரிந்துபோகப்போகிறவர்களுக்கு இரண்டு அறை வீட்டை எதற்குக் கொடுத்துவைக்க வேண்டும் என்று வாரியம் நெடுநாளாகவே மனம் வருந்திக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு விதி வந்தது. வாரிய வீட்டின் ஒதுக்கீட்டைப் புதுப்பிக்க வருகிற தம்பதி முதலில் நிறுவனத்தில் மதிப்பெண் வாங்கிவர வேண்டும். நூற்றுக்கு அறுபதுக்குக் குறைந்தால் வீடு கிடையாது.

அந்த வருஷம் புதுப்பிக்கப் போனவர்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் இருந்தார்கள். உயரமான கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோகிற லிஃப்டுகளைச் சரிசெய்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. மனைவி ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்பவள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் தாண்டியிருந்தது. எவ்வளவு தாண்டியது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள்.

நிறுவனத்தின் வரவேற்பறையில் அந்தச் சூத்திரத்தைச் சுவரிலேயே எழுதிவைத்திருந்தார்கள். அது ஒரு மூலையில் தொடங்கி, கதவுக்கு மேலே ஏறி, தீயணைப்புக் கருவியைச் சுற்றிக்கொண்டு, கழிப்பறைப் பக்கம் போய் முடிந்தது. மெக்கானிக் மரியாதையாகக் கடைசிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கேள்வி கேட்ட எழுத்தர் ஒவ்வொரு பதிலையும் கணினியில் தட்டினார். பேசும்போது குறுக்கே பேசுவதுண்டா என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். சண்டை போட்டால் யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று கேட்டார். அப்படி யாரும் கேட்பதில்லை என்றும், கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர் டீ போட்டு மேசையில் வைத்துவிடுவார் என்றும் மெக்கானிக் சொன்னார். எழுத்தர் கணினியில் டீயைத் தேடினார். இல்லை. "மன்னிப்பு: கிடையாது" என்று தட்டினார். பிறகு திரையைப் பார்த்தவர் எழுந்து உள்ளே ஓடினார்.

இயக்குநரே வந்துவிட்டார். பிணவறையிலிருந்து எழுந்து நடந்துவந்தவர்களைப் பார்ப்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க கல்யாணம் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

மெக்கானிக் நினைவுபடுத்திப் பார்த்தார். அந்த வருஷம் மாமியாருக்கு ஆபரேஷன். அவரும் மனைவியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முறைவைத்துத் தூங்கிய வருஷம். "அப்ப நாங்க வீட்டுல இல்ல சார்," என்றார்.

இயக்குநர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டிருந்தன. மேலே, வலது மூலையில், தன்னந்தனியாக ஒரு புள்ளி. ஏதோ ஈ உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்து மனைவி அதை நகத்தால் சுரண்டப் போனாள். இயக்குநர் அவள் கையைத் தடுத்து, அது அவர்கள்தான் என்றார்.

"சூத்திரம் தப்பாகாதும்மா. சில பேரோட வாழ்க்கைதான் கொஞ்சம் லேட்டா வந்து சேரும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற ஒவ்வொரு நாளும் எங்க துல்லியம் குறையுது. உங்களைக் குத்தம் சொல்லல. தெரியாமதான் வாழ்ந்திருக்கீங்க."

இருபத்துமூன்று மதிப்பெண் போட்டார்கள். ஆனாலும் நிறுவனம் கருணையுள்ளது. ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, வீட்டுக்கு ஒரு பார்வையாளரை அனுப்பிவைத்தது.

அவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒல்லியான மனிதர். கையில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கருவி. அதில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். சமையலறை மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தம்பதி நல்லபடியாக ஏதாவது பேசினால் பச்சையை அழுத்துவார். கடிந்து பேசினால் சிவப்பு. ஒரு சிவப்புக்கு ஆறு பச்சை இருந்தால் கல்யாணம் நிலைக்கும் என்பது நிறுவனம் கண்ட உண்மை. தான் அங்கே இல்லாததாகவே நினைத்துக்கொள்ளும்படி அவர் கேட்டுக்கொண்டார். அந்தச் சமையலறையில் மூன்றாவது ஆள் நின்றால் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது. மனைவி அவருக்குப் பட்டன்காரர் என்று பெயர் வைத்தாள்.

முதல் வாரம் கருவி சிவப்பாகவே கத்திக்கொண்டிருந்தது. "செருப்பை எங்க விட்டீங்க, என் தலையிலயா?" சிவப்பு. "உன் தலையில எடம் இருந்தா விட்டிருப்பேன்." சிவப்பு. இதற்கு இருவரும் சிரித்ததை அவர் கவனிக்கவில்லை; அதற்குள் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக் காய்ச்சல் வந்தபோது, மழையில் நனையாதே என்று சொன்னதைக் கேட்டால்தானே என்று திட்டிக்கொண்டே மனைவி இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். காலையில் பார்த்தால் மதிப்பெண் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. ஈரத்துணிக்கு ஏன் பச்சை இல்லை என்று மெக்கானிக் கேட்டார். துணி பேசவில்லையே என்றார் பட்டன்காரர். அவர் மேல் தப்பில்லை. விதி அப்படி.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டாள். "மகாராணி எழுந்துட்டாங்களா?" என்றார் மெக்கானிக். கருவி பச்சையாக மணியடித்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டன்காரர் மனநிறைவோடு தலையாட்டினார். சோதித்துப் பார்க்க நினைத்த மனைவி கருகிப்போன முட்டையைக் கணவர் முன்னால் வைத்து, "உங்களை மாதிரி அடுப்பைப் பாத்துக்க ஆள் கிடைக்குமா?" என்றாள். பச்சை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாராட்டைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. குப்பையைக் கீழே கொண்டுபோகாவிட்டால் அவருடைய ஞாபகசக்தியை அவள் புகழ்ந்தாள். போனில் அக்காவோடு நெடுநேரம் பேசினால் அவளுடைய சுருக்கமான பேச்சை அவர் மெச்சினார். ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பட்டன்காரர் கடைக்குப் போன நேரத்தில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மதிப்பெண் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கத்திக்கொண்டு சண்டை போடும்போது வாயை எங்கே நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் தொடக்கூடாத இடங்கள் எவையென்று பழகியிருந்தார்கள். பாராட்டுக்கு அப்படி எல்லை ஒன்றும் வகுத்திருக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம், பெரிய நகரத்தில் கிடைத்த வேலையை இந்தக் குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்ததைப் பற்றி மனைவி ஏதோ சொன்னாள். மெக்கானிக் களைப்பாக வந்திருந்தார். "உன்னை மாதிரி தியாகம் பண்ண யாரால முடியும்? அதை வருஷம் தவறாம எனக்கு ஞாபகப்படுத்துற பெருந்தன்மை வேற," என்றார். பச்சை மணி அடித்தது.

மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் மென்மையாக இருந்தது.

"உங்க நிதானம் யாருக்கும் வராதுங்க. எங்கம்மா உயிர் போற நேரத்துலகூட லிஃப்டு வேலையை முழுசா முடிச்சிட்டுத்தானே வந்தீங்க."

பச்சை. பட்டன்காரர் இன்னொரு முறையும் அழுத்தினார். ஒரே வாக்கியத்தில் இரண்டு நற்குணங்களை எடுத்துச் சொல்லியிருப்பதாக அவருக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் தபால் அலுவலகத்தில் பேசுகிற மாதிரிப் பேச்சு. தண்ணீர் வேண்டுமா. வேண்டாம், நன்றி. விளக்கை அணைக்கலாமா. உங்கள் விருப்பம். மறுநாள் மனைவி ஒரு பையில் துணிகளை எடுத்துவைத்துக்கொண்டு, அக்கா வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி, இதில் சிரமம் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, பத்திரமாகப் போய்வரவும் என்றார் மெக்கானிக். பச்சை, பச்சை.

அவள் போன பிறகுதான் மதிப்பெண் நிஜமாகவே ஏறத் தொடங்கியது. வீட்டில் ஒரு கடுஞ்சொல் இல்லை. யார் பேச்சிலும் யாரும் குறுக்கிடவில்லை. பட்டன்காரர் வாரத்தில் பாதி நாள் மெக்கானிக் வீட்டிலும் மீதி நாள் அக்கா வீட்டிலும் உட்கார்ந்தார். அக்காவின் கணவர், அதாவது மெக்கானிக்கின் சகலை, இந்த ஆள் யார் என்று கேட்டு, பதில் புரியாமல், அவருக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்லிவிட்டார். மெக்கானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் கவனம் தப்பி, லிஃப்ட் கதவில் இரண்டு விரலை நசுக்கிக்கொண்டார். அந்த வாரம் மதிப்பெண் தொண்ணூற்றைத் தாண்டியது.

நிறுவனத்தில் கொண்டாட்டம். இதற்குமுன் யாரும் கண்டறியாத ஒரு மாறியை இயக்குநர் கண்டுபிடித்திருந்தார். அதற்கு இடைவெளிக் கெழு என்று பெயரிட்டு, கணவனும் மனைவியும் தனித்தனி வீட்டில் வாழ்ந்தால் இல்லறம் நீடிக்கும் என்று கட்டுரை எழுதினார். குடியிருப்பு வாரியம் கவலையில் ஆழ்ந்தது. ஆண்டுவிழாவில் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் அந்த வருஷத்தின் சிறந்த தம்பதி விருது என்று அறிவிப்பு வந்தது.

விழாவுக்கு இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். மேடையில் அவர்களைப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, உடையில் ஆளுக்கொரு மைக் குத்தினார்கள். பின்னால் பெரிய பலகையில் மதிப்பெண் ஒளிர்ந்துகொண்டிருந்தது: தொண்ணூற்றாறு. மேடையின் கீழே பட்டன்காரர் கருவியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் புதுச் சட்டை.

இயக்குநர் பேசினார்.

"என் ஆராய்ச்சியைச் சந்தேகப்படுறவங்களுக்கு என் வாழ்க்கையே பதில். எனக்கு மூணு கல்யாணம். மூணும் முறிஞ்சுது. மூணையும் நான் முன்கூட்டியே தேதியோட கணிச்சேன். மூணாவது மனைவி, இன்னும் ஒரு வாரம் இருந்து பாக்கலாமான்னு கேட்டாங்க. நான் ஒத்துக்கல. ஒரு விஞ்ஞானி தன் சொந்தச் சுகத்துக்காக வரைபடத்தை வளைக்கக் கூடாது. இன்னிக்கு நான் நிம்மதியா இருக்கேன். வீட்டுல சத்தமே இல்ல. ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டா ஏன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. என் மதிப்பெண் நூறு."

அவை எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டுவதற்காக மெக்கானிக்கும் கையைத் தூக்கினார். அப்போதுதான் மனைவி கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. கதவுல பட்டுது."

"எப்ப? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீதான் போனை எடுக்கறதில்லையே."

"பண்ணாத போனை எப்படிங்க எடுக்கறது? இந்தக் கட்டை எந்தக் கூமுட்டை போட்டது? அழுக்கா இருக்கு."

"நான்தான் போட்டேன். ஒத்தைக் கையால போட்டா அப்படித்தான் இருக்கும்."

மைக் வழியாக இது மண்டபம் முழுக்கக் கேட்டது. பட்டன்காரர் கடமை தவறாதவர். சிவப்பை அழுத்திக்கொண்டே இருந்தார். பலகையில் எண்பது, எழுபத்தொன்று, அறுபது என்று இறங்கியது. இயக்குநர் சைகை காட்டினார். அவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு அந்த லிஃப்டுல ஒரு நிறைமாச கர்ப்பிணி மாட்டிக்கிட்டு இருந்தா. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொன்னியே."

"சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றவள், அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டாள். அவர் அழுக்குக் கட்டுப் போட்ட கையாலேயே அவள் முகத்தைத் துடைத்தார். கட்டு கண்ணில் உறுத்தியதால் அவள் அதற்கும் ஒரு வார்த்தை திட்டினாள். பட்டன்காரருக்கு எதை அழுத்துவதென்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினார். பலகை ஒருமுறை மினுக்கிவிட்டு ஒன்பதில் வந்து நின்றது.

மண்டபத்தில் எல்லோரும் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் இயக்குநர் சாதாரண ஆளில்லை. மெல்ல மைக்கைப் பிடித்து, எல்லோரும் இப்போது கண்ணால் பார்த்தது சூத்திரத்தின் மாபெரும் வெற்றி என்றார். பதினோரு வருஷத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய உறவு, சற்றுத் தாமதமாக, அனைவரின் முன்னிலையிலும் முடிந்திருக்கிறது. துல்லியம் இனி நூறு சதவீதம். மறுபடி கைதட்டல். ஓரக்கதவு வழியாக வெளியேறிக்கொண்டிருந்த தம்பதி, கட்டு மாற்ற எந்த மருந்துக்கடைக்குப் போவது என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அவர்களுடைய கல்யாணம் காலாவதியானதாக அறிவிக்கப்பட்டது. வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவருக்கு ஆண்கள் விடுதியிலும் அவளுக்கு எதிரே இருந்த பெண்கள் விடுதியிலும் தலா ஓர் அறை கொடுத்தார்கள். காலாவதியானவர்கள் சந்திக்கக் கூடாது. பிரிந்தவர்கள் திரும்பச் சேர்வதற்குச் சூத்திரத்தில் இடமில்லை என்பதால், அப்படி நடப்பது சட்டவிரோதமானது.

அவர்கள் இதை எதிர்த்து மனுப் போடவில்லை. மனு எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். மெக்கானிக் தினமும் வேலை முடிந்ததும் கருவிப்பெட்டியோடு பெண்கள் விடுதிக்குப் போய், லிஃப்ட் ரிப்பேர் என்பார். காவலாளி வழிவிடுவார். மனைவியின் அறையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவார். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பது காவலாளிக்கு உறைக்க ஒரு மாதம் ஆயிற்று.

பல் செட் செய்கிற அம்மாவுக்கு யாரோ ஒரு ஆள் பழக்கம் என்று விடுதி முழுக்கப் பேச்சு. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். அவள் முகத்தில் ஒரு களை வந்திருப்பதாக எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள்.

விவகாரம் நிறுவனத்துக்குப் போனது. ஆணும் பெண்ணும் தொடர்ந்து சந்தித்துக்கொண்டால் அதைப் புதிய உறவாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது விதி. அதே எழுத்தர் கணினியில் தட்டினார். உறவின் வயது: ஒரு மாதம். சந்திப்பு: தினந்தோறும். தடைகளை மீறி வருகிறாரா: ஆம். சூத்திரம் எல்லாவற்றையும் வருஷக்கணக்கால் வகுக்கிற சூத்திரம். வருஷமே இல்லாததால் மதிப்பெண் தொண்ணூற்றெட்டு வந்தது.

இயக்குநர் அவர்களை நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டார். அதனால் அவருக்கு ஒரு சங்கடமும் ஏற்படவில்லை.

"பழைய கேஸ் வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. இந்த மாதிரி ஒரு ஆரம்பத்தை நான் பாத்ததே இல்ல. இதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருக்குமே அமைஞ்சது சரியில்ல. அதை மறந்துடுங்க," என்றார்.

இருவருக்கும் கைகொடுத்துவிட்டு, புதுமணத் தம்பதிகளுக்கான ஒதுக்கீட்டில் இரண்டு அறை வீடு ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார். மகளுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, பொண்ணு வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்தானா என்று அப்பாவிடம் விசாரித்தாள்.

ஒரேயொரு நிபந்தனை இருந்தது. புதுத் தம்பதிகள் பயிற்சி வகுப்புக்குப் போயாக வேண்டும். அங்கே எல்லாம் இளவட்டங்கள். கைகோத்தபடியே குறிப்பெடுக்கப் பழகியிருந்தார்கள். மெக்கானிக்கும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்னால் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளையின் மேல்வரிசைப் பல்லை மனைவி தொழில் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி நடத்திய பெண்மணி, தங்கள் துணையைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டாள். எல்லாம் தெரியும் என்றான் ஒருவன். அவர் நினைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும் என்றாள் இன்னொருத்தி. மெக்கானிக்கின் முறை வந்தது. எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவளை ஒருமுறை பார்த்தார்.

"இன்னும் சரியா தெரியல மேடம். போகப் போகத்தான் பாக்கணும்."

பெண்மணி முகத்தைச் சுளித்து, இந்த ஜோடிக்குக் கூடுதலாக ஒரு வகுப்பு வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மனைவி பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் கழிச்சு என்னத்தைத் தெரியல உங்களுக்கு? ஊர் முன்னால மானத்தை வாங்கிட்டீங்க."

அவர் கொஞ்ச தூரம் போன பிறகு, "அக்கா வீட்டுக்குப் போனியே. அப்படியே வராம இருந்துடுவியோன்னு பயந்தேன். நீ அப்படிச் செய்வியா மாட்டியான்னு எனக்குத் தெரியல," என்றார்.

அவள் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து எண்ணினாள்.

"எனக்கும் தெரியலங்க," என்றாள்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். நடுவில் ஒரே ஒரு இருக்கை காலியாக இருந்தது. கையில் அடிபட்டவர்தான் உட்கார வேண்டும் என்று அவளும், நாளெல்லாம் வேலை பார்த்தவள்தான் உட்கார வேண்டும் என்று அவரும் சண்டை பிடித்தார்கள். இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு யாரோ ஒருவர் அதில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் கவனிக்கவில்லை.